கொடைக்கானல் குளிரில் விரல் வெளுக்குதா? வெயிலில் முகம் தடிக்குதா? ‘ஏ.என்.ஏ. பாசிட்டிவ்’ ரிப்போர்ட் சொல்வதும் சொல்லாததும்

டிசம்பர், ஜனவரி வந்தாலே கொடைக்கானலில் புல்வெளி மேல் உறைபனி படர்ந்திருக்கும் காட்சி டிவியில் ஓட ஆரம்பித்துவிடும். ஸ்வெட்டர், குல்லா, கையில் ஆவி பறக்கும் டீ. பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் அதே குளிரில் சிலருக்கு விரல் நுனி சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போகும். கொஞ்ச நேரத்தில் நீலம் பாயும். அடுப்பு பக்கம் போய் உட்கார்ந்ததும் சிவந்து, ஊசி குத்துவது போல வலிக்கும்.

“மலையில இதெல்லாம் சகஜம்” என்று விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் ஒரு சிலருக்கு அந்த வெள்ளை விரல், உடம்புக்குள் பல வருடம் கழித்துப் பெரிதாகப் போகும் ஒரு நோயின் முதல் தகவல்.

இன்னொரு பக்கம், சென்னையிலோ மதுரையிலோ யாராவது எழுதிக் கொடுத்த ரத்தப் பரிசோதனையில் ‘ஏ.என்.ஏ. பாசிட்டிவ்’ என்று வந்துவிட்டால் போதும், அன்று இரவே செல்போனில் தேடிப் பார்த்துத் தூக்கத்தைத் தொலைப்பவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் கவலைப்பட வேண்டிய இடத்தில் கவலைப்படவில்லை. இன்னொருவர் தேவையில்லாமல் பயப்படுகிறார். இந்த இரண்டு பேருக்கும் பதில் சொல்லும் ஆராய்ச்சி ஒன்றுதான். அதைச் செய்தவர்களில் முக்கியமானவர், மலேசியாவின் செரம்பானில் பிறந்த ஒரு மருத்துவ விஞ்ஞானி.

முதலில், இது என்ன நோய்?

நம் உடம்பின் நோய் எதிர்ப்பு சக்தி, வெளியிலிருந்து வரும் கிருமியை அடிக்க வேண்டும். சிலருக்கு அது ஆள் மாறி, சொந்த உடம்பையே அடிக்க ஆரம்பிக்கும். இதைத்தான் ஆட்டோ இம்யூன் நோய், தமிழில் தன்னுடல் தாக்குநோய் என்கிறார்கள். தோல், மூட்டு, ரத்தக்குழாய் எல்லாவற்றையும் தாங்கிப் பிடித்திருக்கும் இணைப்புத் திசுக்களை அது தாக்கும்போது வரும் நோய்களில் இரண்டு பெயர்களை மட்டும் இங்கே வைத்துக்கொள்ளலாம்.

ஒன்று லூபஸ். முகத்தில் மூக்கின் இரு பக்கமும் வண்ணத்துப்பூச்சி விரித்த மாதிரி தடிப்பு, மூட்டு வலி, முடி கொட்டுதல், வாய்ப்புண், விடாத அசதி. கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம் வரை போகும். நோயாளிகளில் 10 பேரில் சுமார் 9 பேர் பெண்கள். அதிலும் பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள்தான் அதிகம்.

இன்னொன்று ஸ்க்லெரோடெர்மா. விரல் தோல் இறுகி, பளபளவென்று ஆகி, மடக்க முடியாமல் போகும். வாயை அகலத் திறக்க முடியாது. நெஞ்செரிச்சல் இருந்துகொண்டே இருக்கும். சிலருக்கு நுரையீரலில் தழும்பு விழும். இரண்டுமே தொற்று நோய் இல்லை. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது.

குளிரில் விரல் ஏன் வெளுக்கிறது?

குளிர் பட்டதும் விரலில் இருக்கும் சிறிய ரத்தக்குழாய்கள் சுருங்குவது இயல்பு. உடம்பு தன் சூட்டைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி அது. சிலருக்கு அந்தச் சுருக்கம் அளவு மீறிப் போகிறது. ரத்தம் நின்றதும் வெள்ளை. தேங்கிய ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் நீலம். குழாய் திறந்து ரத்தம் பாய்ந்ததும் சிவப்பு. பிரான்ஸைச் சேர்ந்த மோரிஸ் ரேனோ 1862-ல் தன் மருத்துவ ஆய்வேட்டில் இதை விவரித்தார். அவர் பெயரிலேயே இதை ‘ரேனோ’ என்கிறார்கள்.

பெரும்பாலானவர்களுக்கு வருவது வெறும் ரேனோ. இளம் வயதில், பதின்பருவத்திலேயே ஆரம்பிக்கும். இரண்டு கைகளிலும் ஒரே மாதிரி வரும். புண் எதுவும் வராது. கையுறை போட்டால் போதும், வாழ்நாள் முழுக்க அதற்கு மேல் எதுவும் ஆகாது.

கவனிக்க வேண்டியது வேறு வகை. 30 வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பித்தால், விரல் நுனியில் ஆறாத புண்ணோ குழியோ வந்தால், ஒரு கையில் மட்டும் அதிகமாக இருந்தால், மோதிரம் திடீரென்று இறுகும் அளவுக்கு விரல் வீங்கினால், கூடவே மூச்சு வாங்கினால், அது வெறும் குளிர் இல்லை. ஸ்க்லெரோடெர்மா நோயாளிகளில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு ரேனோ இருக்கும். அதிலும் பலருக்குத் தோல் இறுகுவதற்குப் பல மாதங்கள், சில சமயம் பல ஆண்டுகள் முன்பே விரல் வெளுக்கத் தொடங்கிவிடும். நோயைச் சீக்கிரம் பிடிக்க அதைவிட நல்ல வாய்ப்பு கிடைப்பதில்லை.

பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி பக்கம் விடியற்காலையில் பூண்டு, கேரட், உருளை வயலில் இறங்கி, ஜில்லென்ற தண்ணீரில் கை வைத்து வேலை செய்யும் பெண்களுக்கு இந்த வாய்ப்புதான் தவறிப் போகிறது. சமவெளியில் வெள்ளை விரல் வந்தால் “இந்த வெயிலில் ஏன் இப்படி?” என்று யாராவது கேட்பார்கள். மலையில் யாரும் கேட்பதில்லை. குளிர் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறது.

கொடைக்கானலில் வெயில்தான் அடிக்காதே?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். நம் உடம்புக்குத் தெரிவது சூடு மட்டும்தான். தோலைப் பாதிக்கும் புற ஊதாக் கதிரை உடம்பால் உணர முடியாது. சூடும் புற ஊதாவும் ஒன்று இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஒவ்வொரு 1,000 மீட்டர் மேலே போகும்போதும் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவிகிதம் கூடும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அப்படியென்றால் சமவெளியை விட 20 சதவிகிதத்துக்கும் மேல் அதிகம். வத்தலக்குண்டில் நெற்றி வியர்க்க வைக்கும் வெயிலை விட, கொடைக்கானல் ஏரியைச் சுற்றிச் சைக்கிள் ஓட்டும்போது இதமாகப் படும் வெயிலில்தான் இந்தக் கதிர் அதிகம். மெல்லிய மேகம் இருந்தாலும் அதில் பெரும் பகுதி கீழே வந்துவிடும்.

இன்னொரு விஷயம். கொடைக்கானல் நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே சுமார் 10 டிகிரியில் இருக்கிறது. அதனால் வருடத்தில் இரண்டு முறை, ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும், உச்சி வேளையில் சூரியன் நேராகத் தலைக்கு மேல் வரும். கதிர் வளிமண்டலத்தைக் குறுக்கே சாய்வாகக் கடக்காமல் நேராக இறங்கும் நாட்கள் அவை. கோடை சீசன் களைகட்டுவதும், குடும்பம் குடும்பமாக மக்கள் மலையேறுவதும் ஏப்ரல், மே மாதங்களில்தானே!

தூசு குறைந்த தெளிவான காற்றுதான் 1899-ல் இங்கே சூரிய ஆய்வு மையம் அமையக் காரணம். சூரியனைத் துல்லியமாகப் பார்க்க விஞ்ஞானிகளுக்கு உதவிய அதே காற்று, சூரியக் கதிரையும் அதிகம் தடுக்காமல் விடுகிறது.

ஆரோக்கியமானவருக்கு இதனால் வரும் சிரமம் முகம் கறுப்பது, தோல் உரிவது அளவில் நின்றுவிடும். லூபஸ் இருப்பவருக்கு அப்படி இல்லை. இரண்டு நாள் வெயிலில் சுற்றிவிட்டு ஊர் திரும்பிய பிறகு, சில நாட்கள் கழித்து, சில சமயம் ஓரிரு வாரம் கழித்துக்கூட, முகத் தடிப்பு, காய்ச்சல், மூட்டு வலி எல்லாம் கிளம்பும். இவ்வளவு இடைவெளி இருப்பதால், ட்ரிப்பையும் நோயையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. சாப்பிட்ட சாப்பாட்டின் மேல் பழி விழும்.

வெயிலுக்கும் லூபஸுக்கும் என்ன சம்பந்தம்? எங் டான் கண்டுபிடித்தது என்ன?

எங் டான், 1926-ல் செரம்பானில் பிறந்தவர். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். பிறகு நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில், ஹென்றி குங்கெல் என்ற நோய் எதிர்ப்பியல் விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் லூபஸ் நோயாளிகளின் ரத்தத்தில், செல்லின் உட்கருவைத் தாக்கும் ஆன்டிபாடிகள் இருப்பது தெரியும். உட்கருவில் எதைத் தாக்குகிறது என்பதில்தான் பெரிய இருட்டு. 1966-ல் டானும் குங்கெலும், லூபஸ் நோயாளிகளின் ரத்தத்தில் ஒரு குறிப்பிட்ட உட்கருப் பொருளை மட்டும் தாக்கும் ஆன்டிபாடியைப் பிரித்துக் காட்டினார்கள். அதற்கு வைத்த பெயர் ‘எஸ்எம்’. யாருடைய ரத்தத்தில் அது கிடைத்ததோ, அந்தப் பெண் நோயாளியின் குடும்பப் பெயரின் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகள். எல்லா லூபஸ் நோயாளிகளுக்கும் இந்த ஆன்டிபாடி இருக்காது; ஆனால் இருந்தால், அது பெரும்பாலும் லூபஸ்தான். இன்றைக்கும் லேப் ரிப்போர்ட்டில் ‘ஆன்டி எஸ்எம்’ என்று ஒரு வரி வருகிறதே, அது இதுதான்.

இதற்கு எதிர்பாராத ஒரு பின்கதையும் உண்டு. 1979-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் லெர்னரும் ஜோன் ஸ்டைட்ஸும் லூபஸ் நோயாளிகளின் இதே வகை ஆன்டிபாடியைத் தூண்டில் போலப் பயன்படுத்தினார்கள். செல்லுக்குள் மரபணுச் செய்தியை வெட்டி ஒட்டும் இயந்திரத்தின் பாகங்கள் அதில் சிக்கின. நோயாளியின் உடம்பு தவறாகத் தயாரித்த ஒரு பொருள், உயிரியலின் அடிப்படைக் கேள்விக்கு விடை தேட உதவியது.

கொடைக்கானல் வெயிலுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது டானின் அடுத்த வேலை. புற ஊதாக் கதிர் பட்டால் செல்லுக்குள் டிஎன்ஏவின் வடிவம் மாறும். அப்படி மாறிப்போன டிஎன்ஏவைத் தனியாக அடையாளம் காணும் ஆன்டிபாடிகளை 1968-ல் அவர் ஆராய்ந்து வெளியிட்டார். வெயில் தோலின் செல்லை உடைக்கிறது, உள்ளே மறைந்திருந்த பொருள் மாறுகிறது, வெளியே வருகிறது, ஏற்கெனவே ஆள் மாறிப்போன எதிர்ப்பு சக்திக்கு அது இரையாகிறது என்ற கோணத்தில் யோசிக்க இந்த வேலை வழி திறந்தது.

அதை இன்னும் தெளிவாகப் படம்பிடித்தது 1994-ல் வந்த ஆராய்ச்சி. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் லிவியா கஸியோலா-ரோசன், கிராண்ட் அன்ஹால்ட், ஆன்டனி ரோசன் மூவரும் தோல் செல்களின் மேல் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். செல் சாகும்போது அதன் மேற்பரப்பில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் எழும்புகின்றன. வழக்கமாக உள்ளே ஆழத்தில் இருக்க வேண்டிய, லூபஸ் ஆன்டிபாடிகள் தேடும் அதே பொருள்கள் அந்தக் கொப்புளங்களில் குவிந்து கிடந்தன. பூட்டிய அறைக்குள் இருக்க வேண்டிய சாமான்களை வாசலில் கொண்டு வந்து பரப்பிய கதை.

ஆக, வெயில் லூபஸை ‘உண்டாக்குகிறது’ என்று சொல்வது சரியில்லை. நோய்க்கான தயார்நிலை ஏற்கெனவே உடம்பில் இருக்கிறது. பரம்பரை, ஹார்மோன், இன்னும் பல காரணங்கள் அதில் சேர்ந்திருக்கின்றன. வெயில் அதைத் தட்டி எழுப்புகிறது.

‘ஏ.என்.ஏ. பாசிட்டிவ்’ வந்தால் லூபஸா?

இல்லை. இதை நிரூபித்தவர்களிலும் டான் ஒருவர். அதனால்தான் அவர் கதை சுவாரஸ்யம்.

ஏ.என்.ஏ. என்பது உட்கருவைத் தாக்கும் ஆன்டிபாடிகளுக்கான பொதுப் பரிசோதனை. கண்ணாடித் தகட்டில் மனித செல்களைப் பரப்பி, அதன் மேல் நோயாளியின் ரத்தத் தெளிநீரை விடுவார்கள். ஆன்டிபாடி இருந்தால் உட்கருவில் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒளிரும் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பச்சையாக மின்னும். முழுதாக மின்னுகிறதா, பொட்டுப் பொட்டாக மின்னுகிறதா என்பதும் ஒரு துப்பு.

ரிப்போர்ட்டில் 1:40, 1:80, 1:160 என்று ஓர் எண் இருக்கும். ரத்தத் தெளிநீரை 40 மடங்கு, 80 மடங்கு, 160 மடங்கு நீர்க்கச் செய்த பிறகும் மின்னுகிறது என்று அர்த்தம். இரண்டாவது எண் பெரிதாகப் பெரிதாக ஆன்டிபாடி அதிகம்.

1997-ல் டான் தலைமையில் பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து, நோய் எதுவும் இல்லாத ஆரோக்கியமான 125 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தன. முடிவைப் பாருங்கள்: 1:40 அளவில் 31.7 சதவிகிதம் பேருக்கு ‘பாசிட்டிவ்’. 1:80-ல் 13.3 சதவிகிதம். 1:160-ல் 5 சதவிகிதம். 1:320-ல்கூட 3.3 சதவிகிதம்.

கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர்! அதாவது ஏரிக்கரையில் சோளக்கருது சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஆரோக்கியமான 100 பேரைப் பிடித்து டெஸ்ட் எடுத்தால், 30 பேர் கையில் ‘பாசிட்டிவ்’ ரிப்போர்ட் இருக்கலாம். அவர்களில் யாருக்குமே லூபஸ் இல்லாமலும் இருக்கலாம். தைராய்டு கோளாறு, சில தொற்றுகள், சில மாத்திரைகள், வயது கூடுவது எல்லாமே ஏ.என்.ஏ.வைப் பாசிட்டிவ் ஆக்கக்கூடியவை.

1993-ல் ஏ.என்.மாளவியாவும் சகாக்களும் டெல்லி அருகே கிராமப்புற மக்களிடம் எடுத்த கணக்கில் லட்சம் பேருக்கு சுமார் 3 பேருக்குத்தான் லூபஸ் இருந்தது. கண்டறியப்படாமல் போனவர்களைச் சேர்த்து அதைப் பல மடங்கு பெருக்கினாலும், ‘மூன்றில் ஒருவர்’ என்ற கணக்கின் பக்கத்தில்கூட வராது. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு, ‘ஃபுல் பாடி செக்கப்’ பேக்கேஜோடு சேர்த்து ஏ.என்.ஏ. எடுப்பது வீண் செலவு மட்டுமில்லை, வீண் பயமும்கூட.

அப்போ டெஸ்ட்டே தேவையில்லையா? அதுவும் தப்பு. அறிகுறி இருப்பவரிடம் இது மிகப் பெரிய ஆயுதம். லூபஸ் உள்ளவர்களில் ஏறக்குறைய எல்லாருக்கும் ஏ.என்.ஏ. பாசிட்டிவாக இருக்கும். அதனால் நெகட்டிவ் வந்தால் லூபஸ் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 2019-ல் வந்த சர்வதேச வகைப்பாட்டு விதிகளில், 1:80 அல்லது அதற்கு மேல் ஏ.என்.ஏ. இருந்தால்தான் மேற்கொண்டு பார்க்கவே ஆரம்பிக்கிறார்கள். 1982-ல் டான் முதல் ஆசிரியராக வெளியிட்ட விதிகளிலோ, 11 அடையாளங்களில் 4 இருக்க வேண்டும், ஏ.என்.ஏ. அதில் ஒன்று, அவ்வளவுதான். வண்ணத்துப்பூச்சித் தடிப்பும் வெயில் ஒவ்வாமையும் அதில் தனித்தனி அடையாளங்கள்.

வெள்ளை விரலோடு வருபவருக்கு இன்னும் இரண்டு பெயர்கள் முக்கியம்: ‘எஸ்சிஎல்-70’, ‘சென்ட்ரோமியர்’. ஸ்க்லெரோடெர்மாவில் வரும் இந்த இரண்டு ஆன்டிபாடிகளையும் 1979, 1980-ல் அடையாளம் காட்டிய குழுக்களிலும் டான் இருந்தார். முதலாவது இருந்தால் நுரையீரல் தழும்பை உன்னிப்பாகக் கவனிப்பார்கள். இரண்டாவது இருந்தால் நோய் பெரும்பாலும் மெதுவாக நகரும். ஆனால் நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தத்தை வருடா வருடம் பார்ப்பார்கள்.

நம்ம ஊரில் எதோடெல்லாம் குழப்பம் வருகிறது?

முகத்தில் வரும் கருமைத் திட்டு எல்லாம் லூபஸ் இல்லை. ‘மங்கு’ என்று சொல்கிறோமே, அது பெண்களுக்கு, அதிலும் கர்ப்ப காலத்தில், மிகச் சாதாரணமாக வருவது. மங்கு தட்டையாக இருக்கும், வலி, காய்ச்சல் இருக்காது. லூபஸ் தடிப்பு லேசாக மேடிட்டு, எரிச்சலோடு, வெயில் பட்டால் அதிகமாகும். பெரும்பாலும் மூக்கிலிருந்து வாயோரம் இறங்கும் மடிப்பை மட்டும் விட்டுவிடும். பாடப் புத்தகத்தில் இருக்கும் சிவப்பு வண்ணத்துப்பூச்சி வெள்ளைத்தோல் படம். மாநிறத்திலும் கருத்த தோலிலும் அது சிவப்பாகத் தெரியாமல், கருஞ்சிவப்பாகவோ அடர் பழுப்பாகவோதான் தெரியும்.

தொழுநோயும் கவனத்தில் இருக்க வேண்டும். உணர்ச்சி இல்லாத திட்டு, மரத்துப்போன விரல், ஆறாத புண் என்றால் அதையும் பார்த்தாக வேண்டும். தொழுநோயிலும் ஏ.என்.ஏ. பாசிட்டிவ் வரலாம் என்பதால் ரிப்போர்ட்டை மட்டும் வைத்து முடிவுக்கு வந்தால் வழி தவறும்.

மருந்து இருக்கிறதா?

முழுதாக விரட்டும் மருந்து இல்லை. அடக்கி வைக்கும் மருந்து இருக்கிறது, அதுவும் விலை குறைவாகவே.

லூபஸுக்கு அடிப்படை மாத்திரை ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். பெயரைக் கேட்டதும் கொரோனா ஞாபகம் வரும். 2020 மார்ச்சில் அந்த மாத்திரை திடீரென்று மெடிக்கல் ஷாப்களிலிருந்து காணாமல் போனபோது, கொரோனாவே வராத லூபஸ் நோயாளிகள்தான் கடை கடையாக அலைந்தார்கள். இது மலேரியா மருந்தின் வழியில் வந்தது. 1894-லேயே லண்டன் மருத்துவர் ஜே.எஃப்.பெய்ன், சிங்கோனா மரப்பட்டையிலிருந்து எடுக்கும் குயினைனை லூபஸ் தோல் நோய்க்குக் கொடுத்துப் பார்த்தார். இன்றைய மாத்திரை ஆலையில் தயாராகும் தூரத்துச் சொந்தம். வருடக் கணக்கில் சாப்பிடலாம்; ஆனால் விழித்திரையைப் பாதிக்கும் சின்ன ஆபத்து இருப்பதால் கண் பரிசோதனையைத் தள்ளிப் போடக் கூடாது. நல்லாயிருக்கு என்று தானாக நிறுத்தவும் கூடாது.

நோய் தீவிரமானால் ஸ்டீராய்டும், எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகளும் சேரும். இதில் இந்தியாவின் பங்கும் உண்டு. டெல்லி எய்ம்ஸில் தோல் நோய்த் துறையில் இருந்த ஜே.எஸ்.பஸ்ரிச்சா, 1980-களில் ஒரு முறையைக் கொண்டு வந்தார். பெம்ஃபிகஸ் என்ற, தோலும் வாயும் கொப்புளமாக உரிந்துபோகும் ஆட்டோ இம்யூன் நோய்க்குத் தினமும் அதிக அளவு ஸ்டீராய்டு கொடுப்பதற்குப் பதிலாக, 28 நாளுக்கு ஒரு முறை, தொடர்ந்து 3 நாள் டெக்ஸாமெத்தசோன் ட்ரிப், அதில் ஒரு நாள் மட்டும் கூடவே சைக்ளோஃபாஸ்ஃபமைட். தினசரி ஸ்டீராய்டால் வரும் உடல் வீக்கம், சர்க்கரை, எலும்புத் தேய்வைக் குறைப்பதுதான் நோக்கம். பிறகு ஸ்க்லெரோடெர்மா, லூபஸ் போன்ற நோய்களிலும் இதை முயன்றார்கள். சைக்ளோஃபாஸ்ஃபமைட் கருத்தரிக்கும் திறனைப் பாதிக்கும் என்பதால் இளம் பெண்களுக்கு யோசித்தே கொடுக்க வேண்டும். இப்போது வேறு புதிய மருந்துகளும் வந்துவிட்டன. இருந்தாலும் வசதி குறைந்த நாட்டின் தேவையிலிருந்து பிறந்த வைத்தியம் அது.

வெள்ளை விரலுக்கு ரத்தக்குழாயைத் தளர்த்தும் நிஃபெடிபின் போன்ற மாத்திரைகளை மருத்துவர் எழுதிக் கொடுப்பார். பிபிக்கும் படபடப்புக்கும் கொடுக்கும் ப்ரோப்ரனலால் போன்ற சில மாத்திரைகள் ரேனோவை அதிகமாக்கும் என்பதால், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பீடி, சிகரெட் புகை விரல் ரத்தக்குழாய்க்கு நேரடி எதிரி.

நோய் இருப்பவர்கள் கொடைக்கானல் போகலாமா?

நோய் கட்டுக்குள் இருந்தால் போகலாம். ஸ்க்லெரோடெர்மாவோடு நுரையீரல் பாதிப்பும் இருப்பவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது. அந்த உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதை விட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு.

லூபஸ் இருப்பவர்கள் முழுக்கை உடை, அகல விளிம்புத் தொப்பி அல்லது குடை, மேகமூட்டமாக இருந்தாலும் சன் ஸ்க்ரீன். காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3, 4 மணி வரை ஏரியில் படகில் உட்காருவதைத் தவிர்க்கலாம். சன் ஸ்க்ரீனைக் காலையில் ஒரு தடவை பூசிவிட்டு நாள் முழுக்கச் சுற்றினால் பயனில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பூச வேண்டும்.

ரேனோ இருப்பவர்கள் கைக்கு மட்டும் உறை போட்டால் போதாது. உடம்பு மொத்தமும் கதகதப்பாக இருந்தால்தான் விரலுக்கு ரத்தம் வரும். வெளுத்த விரலை நேராக கேம்ப் ஃபயரில் காட்டாதீர்கள். உணர்ச்சி மங்கியிருப்பதால் சுடுவது தெரியாமல் கொப்புளம் போட்டுவிடும். அக்குளில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது வெதுவெதுப்பான தண்ணீர்.

யாரிடம் காட்டுவது?

மூட்டு, இணைப்புத் திசு நோய் நிபுணர், அதாவது ரூமட்டாலஜிஸ்ட். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர் ஆகிய இடங்களில் இதற்கெனத் தனித் துறை இருக்கிறது. அவ்வளவு தூரம் போவதற்கு முன், பக்கத்து அரசு மருத்துவமனையிலேயே முடிகிற இரண்டு விஷயங்கள் உண்டு: பிபி பார்ப்பது, சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்ப்பது. லூபஸ் சிறுநீரகத்தைத் தொடும்போது ஆரம்பத்தில் வலியே இருக்காது. சிறுநீர் நுரைத்துப் போவது, காலையில் கண் இமை வீங்குவது, அவ்வளவுதான். சில ரூபாயில் முடியும் சிறுநீர் டெஸ்ட் சொல்லும் செய்தியை, ஆயிரக்கணக்கில் செலவழித்து எடுத்த ஏ.என்.ஏ. சொல்லாது.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். காலையில் மன்னவனூரில் வெளுத்த விரல், பஸ் மலை இறங்கி வத்தலக்குண்டு வரும்போதே பழைய நிறத்துக்கு வந்துவிடும். மதுரையில் டாக்டர் முன்னால் கையை நீட்டும்போது அங்கே பார்க்க ஒன்றுமே இருக்காது. அதனால் விரல் வெளுத்திருக்கும் அந்த நிமிடத்திலேயே, நல்ல வெளிச்சத்தில், செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். நீலமாகும்போது ஒன்று, சிவக்கும்போது ஒன்று. முகத் தடிப்புக்கும் அதே மாதிரி. டாக்டரிடம் முதலில் காட்ட வேண்டியது அந்த போட்டோவைத்தான். லேப் ரிப்போர்ட் அடுத்தது.